மகளை நெல் போலக் கொண்டுபோன நாள்

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு புரட்டாசி மாதம் நடந்தது இது. குறுவை அறுப்பு முடிந்து சம்பா நடவு ஆங்காங்கே நடந்துகொண்டிருந்த நேரம். குடவாசலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஒரு சின்ன ஊர் எங்களுடையது. ஆறு மா, அதாவது ஏறக்குறைய இரண்டு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறேன். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படித்ததில்லை. நாலு பேர் இருக்கிற இடத்தில் பேச எனக்கு வராது. பஸ்ஸில் இறங்குகிற இடத்தைச் சொல்லக்கூட மனசுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் கண்டக்டரைக் கூப்பிடுவேன். நான் போய் இப்படி எழுதுவேன் என்று என் மனைவியே நம்பவில்லை.

எங்களுக்குக் கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்துப் பிறந்த ஒரே மகள். அப்போது அவளுக்கு எட்டு வயது. பேச்சு குறைவு. "சாப்பிடுறியா?" என்று கேட்டால், "சாப்பிடுறியா?" என்று நம்மையே திருப்பிக் கேட்பாள். யார் முகத்தையும் நேராகப் பார்க்க மாட்டாள். பார்த்தால் நம் சட்டைப் பொத்தானைத்தான் பார்ப்பாள். அவளுக்கு ஒரு எவர்சில்வர் தட்டு உண்டு. விளிம்பில் ஒரு இடத்தில் நசுங்கியிருக்கும். அதைத் தரையில் சுழற்றிவிட்டு, சத்தம் அடங்குகிறவரைக்கும் காதைப் பக்கத்தில் வைத்துப் படுத்திருப்பாள். எங்கே போனாலும் அந்தத் தட்டு கூடவே வரவேண்டும்.

ஊரில் எல்லோரும் பேச்சு லேட்டாக வரும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு வந்து பிள்ளைகளைப் பரிசோதித்த டாக்டர் ஒருவர்தான் ஆட்டிசம் என்ற பேரைச் சொன்னார். அந்தச் சொல்லை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிவந்து சட்டைப் பையிலேயே பல நாள் வைத்திருந்தேன். யாரிடமும் காட்டவில்லை.

எங்கள் பள்ளிக்கூடத்தை ஒட்டி ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அந்த வருஷம் முறை வைத்து விடுகிற தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்த அன்று, மதகைத் திறந்ததும் தண்ணீர் விழுகிற சத்தம் வகுப்புவரை கேட்டிருக்கிறது. என் மகள் எழுந்து போய்விட்டாள். தலைமையாசிரியைதான் அவளுக்கும் டீச்சர். அவர்கள் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டிருந்தார்கள். சத்துணவு சமைக்கிற அம்மா அரிசி களைந்த தண்ணீரை ஊற்ற வெளியே வந்தபோது, இவள் படித்துறையில் இடுப்புவரை தண்ணீருக்குள் நின்றுகொண்டிருந்தாளாம். அந்த அம்மா போட்ட கூச்சல் எங்கள் தெருவரைக்கும் கேட்டது.

மறுநாள் தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார்கள். பிள்ளையை அழைத்துக்கொண்டு போய்விடு என்று சொல்லப்போகிறார்கள் என்றுதான் போனேன். அவர்கள் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, "உக்காருங்கய்யா" என்றார்கள். நான் உட்காரவில்லை.

"இவள வச்சுக்க எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல. ஆனா நான் ஒருத்தி ரெண்டு வகுப்பப் பாக்குறேன். நேத்து ராத்திரி எனக்குத் தூக்கமே வரலய்யா. கண்ண மூடினா வாய்க்கால்தான் தெரியுது. நீங்க மொதல்ல மாற்றுத்திறனாளி அட்டை வாங்குங்க. அது இருந்தா சிறப்பு டீச்சர வரச் சொல்லலாம். இவள கூட இருந்து பாத்துக்க ஒரு ஆள எழுதிக் கேக்கலாம். மாசா மாசம் உதவித்தொகையும் வரும். ஆள் இல்லாம இவள இங்க வச்சுக்க எனக்குப் பயமா இருக்கு."

அதுவரைக்கும் என் மனைவி பள்ளிக்கூடத்து வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. அவள் வாசலில் உட்கார்ந்தால் வயலுக்கும் மாட்டுக்கும் ஆள் கிடையாது. எத்தனை நாளைக்கு அப்படி முடியும்? அட்டை கிடைக்காவிட்டால் மகள் வீட்டோடுதான். அதுதான் நிலைமை.

நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் குறிப்பிட்ட கிழமையில் டாக்டர்கள் பிள்ளைகளைப் பார்த்துச் சான்றிதழ் தருவார்கள் என்றார்கள். நாற்பது சதவீதம் என்று ஒரு கணக்கு இருப்பதையும் யாரோ சொன்னார்கள். எனக்குக் காதில் விழுந்தது அவ்வளவுதான். மேலே விசாரிக்கக் கூச்சம்.

இங்கே என் நெல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அரசாங்கக் கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போடும்போது ஈரப்பதம் பார்ப்பார்கள். ஒரு பிடி நெல்லை மெஷினில் போட்டால் எண் விழும். பதினேழுக்கு மேல் விழுந்தால் திரும்பக் கொண்டுபோய்க் காயவைக்க வேண்டும். மணி பிடிக்காத கருக்காய், கல், மண் இருந்தாலும் பேச்சு வாங்க வேண்டும். வாய் பேசத் தெரியாதவன் என்பதால் நான் அந்த இடத்துக்கே வழி வைப்பதில்லை. ரோட்டில் கொட்டி இரண்டு நாள் கூடுதலாகவே காயவைப்பேன். இரண்டு தடவை தூற்றுவேன். என் நெல் ஒரு தடவைகூடத் திரும்பி வந்ததில்லை. "ஒன் நெல்லுக்கு மெஷினே வேணாம்யா" என்று அங்கே இருக்கிறவர் சொல்வார். என் வாழ்க்கையில் நான் பெருமைப்பட்ட விஷயம் அது ஒன்றுதான்.

மகளை டாக்டர் பரிசோதிக்கப்போகிறார் என்றதும் என் புத்தி அந்த வழியில்தான் போயிற்று. ஒரு வாரம் அவளைத் தயார் செய்தேன். ஸ்டூலில் அசையாமல் உட்காரப் பழக்கினேன். "ஒன் பேரு என்ன?" என்று ஒரே குரலில் நூறு தடவை கேட்டு, பேரைச் சொல்லவைத்தேன். பொங்கலுக்கு எடுத்த பாவாடை சட்டையைப் போட்டு, பவுடர் பூசி, பொட்டு வைத்தேன். தட்டை மட்டும் விட்டுவிட்டுப் போக முடியாது. அது கையில் இருந்தால் பார்க்கிறவர்கள் ஒரு மாதிரி நினைப்பார்களே என்று ஒரு ஜவுளிக்கடைப் பைக்குள் போட்டு அவள் மடியில் வைத்தேன். கையைப் பைக்குள் விட்டுத் தடவிக்கொண்டே இருந்தால் அமைதியாக இருந்துவிடுவாள்.

எங்கள் வயல் நடவுக்கு அன்றைக்குத்தான் ஆள் கிடைத்தது. அதனால் மனைவி வரமுடியவில்லை. பஸ் ஏறும்போது என்னிடம் ஒன்று சொன்னாள்.

"அங்க போயி தரையப் பாத்துக்கிட்டு நிக்காதீங்க. கேக்குறதுக்கு வாயத் தொறந்து பதில் சொல்லுங்க."

வாயைத் திறக்காமல் இருந்திருந்தால்கூடத் தேவலாம்.

டாக்டர் ஒரு அம்மா. பக்கத்தில் ஒரு பெண் எழுதிக்கொண்டிருந்தார். டாக்டர் மகளின் பேரைக் கேட்டார். நான் பழக்கின அதே கேள்வி. டக்கென்று சொல்லிவிட்டாள். மரக்கட்டைகளைக் கொடுத்தார்கள். ஒரு கையைப் பைக்குள் வைத்துக்கொண்டே, மறு கையால் நூல் பிடித்த மாதிரி வரிசையாக அடுக்கினாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. பிறகு என்னைக் கேட்டார்கள்.

"தானா சாப்பிடுவாளா?"

"சாப்பிடுவா டாக்டர்."

"டிரெஸ் தானா போட்டுக்குவாளா?"

"போட்டுக்குவா."

"பாத்ரூம் போகணும்னா சொல்லுவாளா?"

"அதெல்லாம் சொல்லிடுவா."

"மத்த பிள்ளைங்களோட விளையாடுவாளா?"

"வெளையாடுவா டாக்டர்."

"வெளிய எங்கயும் ஓடிப்போற பழக்கம் இருக்கா?"

"சேச்சே, அதெல்லாம் கெடையாதுங்க."

எதற்காக ஆஸ்பத்திரிக்கு வந்தேனோ அதையே இல்லை என்று சொன்னேன். பொய் சொல்லவேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. வெளியாள் ஒருவர் நம் பிள்ளையைப் பற்றிக் கேட்கும்போது வாயில் அப்படித்தான் வந்தது. டாக்டர் இரண்டாவது தடவையும் நிதானமாகக் கேட்டார். அவர் மேல் ஒரு தப்பும் கிடையாது.

மத்தியானம் காகிதம் கொடுத்தார்கள். அதில் முப்பத்தைந்து என்று போட்டிருந்தது. நாற்பதுக்கு ஐந்து குறைச்சல். எனக்கு அப்படி ஒரு நிம்மதி. மெஷினில் பதினாறு என்று விழுந்த மாதிரி இருந்தது. வெளியே மரத்தடி பெஞ்சில் மகளை உட்காரவைத்து, கொண்டுபோயிருந்த இட்லியைப் பிட்டுப் பிட்டு ஊட்டினேன்.

அதே பெஞ்சில் ஒரு பெண்மணி தன் மகளோடு உட்கார்ந்திருந்தார். மயிலாடுதுறைப் பக்கம், உறவுக்காரர் வீட்டுக்கு வந்து இங்கே தங்கிக் காட்டுவதாகச் சொன்னார். அந்த மகள் வயசுக்கு வந்த பெண், அம்மாவைவிட உயரம். அம்மாவின் முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்மணி யாரிடமும் தயங்காமல் பேசுகிறவர்.

"என்னண்ணே, மொகமெல்லாம் சிரிப்பா இருக்கு. கெடைச்சிருச்சா?"

முன்பின் தெரியாத பெண்களிடம் நான் பேசியதே இல்லை. அன்றைக்குச் சந்தோஷத்தில் காகிதத்தை நீட்டிவிட்டேன். "முப்பத்தஞ்சுதாங்க. நாப்பதுக்குள்ளதான் இருக்கு."

அவர் காகிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நாப்பதுக்குள்ள இருந்தா?"

"பாஸுதானுங்களே."

"அட கடவுளே. அண்ணே, நாப்பதும் அதுக்கு மேலயும் இருந்தாத்தான்ணே எல்லாம். இத வச்சுக்கிட்டு ஒண்ணும் வாங்க முடியாது."

"இல்லைங்க, பதினேழுக்கு மேல போனாத்தான..." என்று சொல்லவந்து பாதியில் நிறுத்தினேன்.

"என்ன பதினேழு?"

நெல்லைப் பற்றிச் சொன்னேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அம்மா சிரிப்பதைப் பார்த்து அந்த மகளும் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்திருப்பார் போலிருக்கிறது, சட்டென்று நிறுத்திவிட்டார். உள்ளே என்ன கேட்டார்கள், என்ன சொன்னேன் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். நானும் சொன்னேன்.

"எல்லாம் தானா செய்வான்னா நீங்க எதுக்குண்ணே இங்க வந்தீங்க? மாப்பிள்ள வீட்டுக்காரவங்களா ஒக்காந்திருக்காங்க உள்ள, பொண்ணப் பத்திப் பெருமையாப் பேச?"

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. என்ன செய்வது என்று புரியாமல் எழுந்து நின்றேன். அதே நேரம் ஒரு ஆம்புலன்ஸ் சைரனோடு உள்ளே வந்தது.

என் மகளுக்கு அந்தச் சத்தம் ஆகாது. இரண்டு கையாலும் காதில் அடித்துக்கொண்டு வீறிட்டாள். மண்டையைப் பின்னால் இருந்த மரத்தில் மோதினாள். மடியிலிருந்த பை கீழே விழுந்தது. அவள் தட்டைத் தேடி இரண்டு கையையும் காற்றில் துழாவினாள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அவளைப் பிடிக்கத் தோன்றவில்லை. எல்லோரும் பார்க்கிறார்களே என்றுதான் தோன்றியது. இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

அந்தப் பெண்மணி எழுந்து வந்து, தன் உள்ளங்கை ஒன்றை மரத்துக்கும் மகளின் தலைக்கும் நடுவில் வைத்தார். இரண்டு மூன்று மோதல் அவர் கையில் விழுந்தது. வேடிக்கை பார்த்தவர்களிடம், "என்ன பாக்குறீங்க, சத்தம் புடிக்கலை புள்ளைக்கு. அவ்வளவுதான். திரும்புங்க" என்றார். என்னைப் பார்த்து அதட்டினார்.

"தட்ட எடுத்துக் குடுங்கண்ணே. அத எதுக்குப் பையில ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

எடுத்துக் கொடுத்தேன். மகள் தட்டைக் கன்னத்தோடு சேர்த்துவைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக அடங்கினாள். அந்தப் பெண்மணியின் விரல் முட்டிகளில் தோல் உரிந்து ரத்தம் கசிந்திருந்தது. அவர் அதைச் சேலையில் துடைத்துக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தார்.

"நானும் மொத தடவ ஒங்கள மாதிரிதான்ணே. எம்பொண்ணுக்குப் பாட்டு நல்லா வரும்னு உள்ள போயி முழுப் பாட்டையும் பாட வச்சேன். டாக்டரு கைதட்டி அனுப்பிச்சுட்டாரு. அப்புறம் ஒரு வருஷம் அலைஞ்சேன். நீங்க ஒண்ணு செய்யிங்க. ஒரு நோட்டு வாங்குங்க. இவ காலைல எந்திரிச்சதுலேருந்து படுக்குறவரைக்கும் நீங்களும் அண்ணியும் இவளுக்கு என்னென்ன செய்யிறீங்க, எல்லாத்தையும் எழுதுங்க. கூட்டி எழுத வேணாம். கொறச்சும் எழுத வேணாம். உள்ளத எழுதுங்க. மறுபடி மனுப் போட்டு, அதக் கொண்டுபோயி டாக்டருகிட்ட குடுங்க."

"எனக்கு அவ்வளவா எழுத வராதுங்க."

"ஒங்க எழுத்து அழகையா பாக்கப்போறாங்க?"

அவரை உள்ளே கூப்பிட்டார்கள். மகளைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்விட்டார். அவர் பேர் என்ன, போன் நம்பர் என்ன என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பிறகு அவரை நான் பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். நடவு முடிந்து கை காலெல்லாம் சேறோடு வந்தவள், சேற்றைக் கழுவாமல் அப்படியே நின்று கேட்டாள்.

"தானா பாவாட கட்டிக்குவான்னு சொன்னீங்களா? யாரு கட்டிக்குவா? தானா எல்லாம் செய்யிறான்னா காலைல மூணு மணி நேரம் நான் இந்த வீட்டுல என்ன செய்யிறேன்?"

மகளைப் பற்றிச் சொன்ன பொய் அவளையும் இல்லாமல் ஆக்கிவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது.

மறுபடி மனுக் கொடுத்தேன். தலைமையாசிரியையும் ஒரு கடிதம் எழுதித் தந்தார்கள். மார்கழியில் வரச் சொல்லித் தகவல் வந்தது. அதுவரை மனைவி தினமும் பள்ளிக்கூடத்து வாசலில் உட்கார்ந்தாள். நான் ஒற்றை ஆளாக வயலைப் பார்த்தேன். அந்த வருஷம் எங்கள் வயலில் களையும் நெல்லும் சரிபாதி.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டு வயலில் இறங்க முடியாத நாட்களில் நோட்டை எழுதினேன். பகலெல்லாம் உட்கார்ந்தும் ஒரு பக்கம்தான் முடியும். மனைவி சொல்லச் சொல்ல எழுதுவேன்.

"எழுதுங்க. பல்லு தேய்க்க ரெண்டு பேரு வேணும். ஒருத்தர் கையப் புடிக்கணும்."

எழுதினேன்.

"தல சீவ விடமாட்டா. தூங்கும்போதுதான் சீவுவேன்."

"தூங்கும்போதா? எனக்குத் தெரியாதே" என்றேன்.

"ஒங்களுக்கு எதுதான் தெரியும்? எழுதுங்க. வெள்ளையா இருக்கிறதத்தான் சாப்பிடுவா. சோறு, இட்லி, தேங்காப் பத்தை. ஊட்டிவிடணும். கொழம்பு பட்டாத் துப்பிடுவா. வேற தட்டுல வச்சாத் தொட மாட்டா. அவ தட்ட யாரும் தொடவும் கூடாது."

'தன் தட்டை யாருக்கும் தர மாட்டாள்' என்று எழுதினேன்.

தினமும் அந்திக்கு வீட்டுக்கு வந்து, அவள் தலையைத் தடவிவிட்டுப் படுக்கிறவன் நான். நோட்டில் எழுதியதில் பாதி எனக்கே புதுசு. சில வரிகளை எழுதும்போது கை நின்றுவிடும். ஊரில் யாராவது என் மகளைப் பற்றி அப்படிச் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். நானே மை ஊற்றி எழுதுகிறேனே என்று இருக்கும். அப்போதெல்லாம் மனைவி, "உள்ளதுதானே, எழுதுங்க" என்பாள். வாய்க்கால் விஷயத்தைக் கடைசியில் எழுதினேன். அதற்கு மட்டும் இரண்டு நாள் ஆயிற்று.

மார்கழியில் மூன்று பேருமாகப் போனோம். இந்தத் தடவை மகள் தட்டைக் கையிலேயே வைத்திருந்தாள். பஸ்ஸில் அதைத் தட்டிக்கொண்டே வந்தாள். முன் சீட்டில் இருந்தவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். மூன்றாவது தடவை நான் அவரை நேராகப் பார்த்து, "எம்பொண்ணு" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார். எனக்கு வேர்த்துவிட்டது.

அதே டாக்டர்தான். நோட்டு எழுதிவந்திருப்பதாகச் சொன்னேன். "படிங்க பார்ப்போம்" என்றார். எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் படிக்கிற மாதிரி இரண்டு கையாலும் நோட்டைப் பிடித்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன். மூன்று வரி படித்திருப்பேன். மகள் தட்டைச் சுழற்றுவதை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். அவள் ஒரு சத்தத்தைக் கவனித்துக் கேட்கும்போது அப்படித்தான் உட்காருவாள்.

என்னால் மேலே படிக்க முடியவில்லை. நோட்டை மூடி டாக்டரின் மேஜைமேல் வைத்தேன்.

"நீங்களே மனசுக்குள்ள படிச்சுக்குங்க டாக்டர். அவ கேக்குறா."

அன்றைக்கு அந்த அறைக்குள் மனசுக்குள் சொல்லிப் பார்க்காமல் நான் பேசியது அது ஒன்றுதான். டாக்டர் நோட்டை எடுத்துப் பிரித்தார். வெளியே பெரிய வரிசை நின்றது. ஆனாலும் அவர் அவசரப்படவில்லை. என் கோணல் எழுத்தை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக் கடைசிவரை படித்தார். சில இடங்களில் விரலை வைத்து நிறுத்தி மகளைப் பார்த்தார். படித்து முடித்து என் மனைவியிடம் கேட்டார்.

"தினமும் இவ்வளவும் நீங்கதான் செய்யிறீங்களாம்மா?"

"அதுக்கென்ன டாக்டர்" என்றாள் மனைவி. சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்புறம் மகளோடு வெகுநேரம் இருந்தார்கள். நான் பழக்காத கேள்விகளைக் கேட்டுப் பார்த்தார்கள். இந்தத் தடவை வந்த காகிதத்தில் எண் நாற்பதைத் தாண்டியிருந்தது. அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவதா, துக்கப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. மனைவிதான் வாங்கி மடித்து, முந்தானையில் முடிந்துகொண்டாள். "வாங்க, பஸ்ஸு போயிடும்" என்றாள்.

அட்டை வந்தது. உதவித்தொகை வந்தது. எங்கள் தெருவில் தனியாக இருக்கிற ஒரு அக்கா பள்ளிக்கூடத்தில் மகளோடு இருந்து பார்த்துக்கொள்ள ஏற்பாடானது. சிறப்பு டீச்சர் ஸ்கூட்டியில் வர ஆரம்பித்தார்கள். முதல் நாள் அவர்களிடம் நோட்டைப் பெருமையாக நீட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

"நல்லா எழுதியிருக்கீங்கய்யா. ஆனா இது ஆஸ்பத்திரிக்கு. எனக்கு இதத் தலைகீழாத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்துலேருந்து எழுதிக் குடுங்க. அவளுக்கு என்ன தெரியும், என்ன புடிக்கும்? அத வச்சுத்தான் நான் எதையும் ஆரம்பிக்க முடியும்."

முதல் தடவை ஆஸ்பத்திரியில் எல்லாம் தெரியும், எல்லாம் தெரியும் என்று அடுக்கியவன் நான். இப்போது உண்மையாகவே கேட்டதும் ஒன்றும் எழுத வரவில்லை. நான்கைந்து நாள் அவளைச் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தேன். வயலுக்குப் போகிற வழியில் பள்ளிக்கூடத்து ஜன்னலில் நின்று பார்ப்பேன். பிள்ளைகள் சாப்பிட்டுக் கழுவிக் கவிழ்த்த தட்டுகளின் பக்கத்தில்தான் அவள் எப்போதும் இருப்பாள். ஒவ்வொன்றையும் நகத்தால் ஒரு தட்டுத் தட்டுவாள். பிறகு வரிசையாக வைப்பாள். ஒரு நாள் கவனித்தபோதுதான் அந்த வரிசை பிள்ளைகள் வகுப்பில் உட்காருகிற வரிசை என்று தெரிந்தது. தட்டுகளில் பேர் வெட்டியிருக்கும். அவளுக்குப் படிக்கத் தெரியாது. தட்டின் சத்தத்தை வைத்தே எது யாருடையது என்று தெரிந்துவைத்திருந்தாள்.

நோட்டைத் திருப்பிப் போட்டு முதல் வரியாக அதை எழுதினேன்.

சிறப்பு டீச்சர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். மத்தியானம் மணி அடித்ததும் தட்டுகளை எடுத்துக்கொடுக்கிற வேலை என் மகளுக்கு. தட்டைக் கொடுக்கும்போது பேரைச் சொல்ல வேண்டும். முதலில் அந்த அக்கா சொல்ல, இவள் திருப்பிச் சொன்னாள். ஆடி மாதம் வருவதற்குள் தானாகவே சொன்னாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் கிடையாது, சட்டைப் பொத்தானைப் பார்த்துத்தான். ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகள் பேரும் அவள் வாயில் வந்தன. ஒரு பொடிசு வேண்டுமென்றே தட்டை மாற்றி வைத்துவிட்டு, "அக்கா, இது யார்துன்னு சொல்லு பாப்பம்" என்று விளையாட்டுக் காட்டுமாம். இவள் கோபப்படாமல் தட்டிப் பார்த்துச் சரியாகச் சொல்லிவிடுவாளாம். மதகு திறந்தால் இப்போதும் எழுந்துவிடுவாள். அந்த அக்கா கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கரையில் நிற்கவைத்து, சத்தம் கேட்கவைத்துக் கூட்டிவந்துவிடும்.

போன வருஷம் ஒரு நாள் பெற்றோர் கூட்டம் என்று வரச் சொல்லியிருந்தார்கள். கூட்டம் முடியும்போது மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்தார்கள். நான் கிளம்பப் பார்த்தேன். சத்துணவு அம்மா விடவில்லை. "இருங்க, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க" என்று என்னை வரிசைக் கடைசியில் உட்காரவைத்துவிட்டார்கள்.

மகள் ஒவ்வொரு பேராகச் சொல்லித் தட்டுகளைக் கொடுத்துக்கொண்டே வந்தாள். கடைசியில் அவள் கையில் ஒரு தட்டுதான் மிச்சம். விளிம்பு நசுங்கிய தட்டு. என் முன்னால் வந்து நின்றாள். எனக்குத் தட்டு இல்லை. என் சட்டைப் பொத்தானைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். குனிந்து தன் தட்டை என் முன்னால் வைத்தாள்.

எனக்கு அதைத் தொடக் கை வரவில்லை. சத்துணவு அம்மா ஒன்றும் யோசிக்காமல் சோற்றைப் போட்டு, சாம்பாரை ஊற்றி, முட்டையை வைத்துவிட்டுப் போனார்கள். மகள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முட்டையை எடுத்து, மஞ்சளைக் கவனமாக என் பக்கம் தள்ளிவிட்டு, வெள்ளையை மட்டும் தன் கையால் தின்றாள். யாரும் ஊட்டவில்லை.

நோட்டின் முன்பக்கத்தில் 'தன் தட்டை யாருக்கும் தர மாட்டாள்' என்ற வரி இன்னும் அப்படியே இருக்கிறது. நான் அதை அடிக்கவில்லை. எழுதிய அன்றைக்கு அது உண்மை. வீட்டுக்கு வந்து நோட்டைத் திருப்பிப் போட்டு, நடந்ததைப் பின்பக்கத்தில் எழுதினேன். மனைவி அதை என்னிடம் மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

இப்போதும் கொள்முதல் நிலையத்தில் என் நெல்லை ஒரு பிடி அள்ளி மெஷினில் போடும்போதெல்லாம், தோல் உரிந்த கையோடு அந்தப் பெண்மணி "அத எதுக்குப் பையில ஒளிச்சு வச்சிருக்கீங்க?" என்று கேட்டது காதில் விழுகிறது. நெல்லை எவ்வளவு வேண்டுமானாலும் காயவைத்துத் தூற்றிக் கொண்டுபோகலாம், என் மகளை மட்டும் அவள் இருக்கிறபடியே, தட்டும் கையுமாகத்தான் நாலு பேர் நடுவில் அழைத்துப்போக வேண்டும் என்று நான் கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான்.